காபிக்கு முன் அரை மணி

அதிகாலை மூன்று ஐம்பது. கோதன்பர்கில் ஜனவரி.
ஜன்னலுக்கு வெளியே இருட்டு இன்னும் புத்தம் புதுசு.
யிர்சா ஒரு மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு
அடுப்புக் கடிகாரத்தை முறைக்கிறாள்.
அரை மணி. அதுவரை காபி கூடாது.
டிராம் ஓட்டுகிறவளுக்கு அரை மணி என்பது
பதினேழு நிறுத்தங்கள்.

மருந்துக்கடையில் மாஹ்ரோக் சொன்னாள்:
"கடிக்காதே, மெல்லாதே.
இதற்கு உன் வயிற்றுக்குள் ஒரு வேலையும் இல்லை,
சும்மா கடந்துபோகட்டும்."
வயிற்று மருந்துக்கு வயிற்றில் வேலை இல்லையா?
யிர்சா சிரிக்கப் பார்த்தாள்.
புளித்த ஏப்பம் முந்திக்கொண்டது.

ஆனால் அது அப்படித்தான்.
மேற்சட்டை போட்ட குருணைகள்
அமிலக் குளத்தில் கரையாமல் மிதந்து
குடலின் முதல் வளைவில்தான் சட்டையைக் கழற்றும்.
பிறகு ரத்தம்.
கல்லீரலில் சுங்கம் கட்டியது போக மிச்சம்
வயிற்றுச் சுவருக்குப்
பின்வாசல் வழியாக வந்து சேரும்.

சுவருக்குள் செல்கள். செல்லுக்குள் பம்புகள்.
ஒரு பொட்டாசியத்தை உள்ளே இழுத்தால்தான்
ஒரு ஹைட்ரஜனை வெளியே தள்ளும்,
ஒருவர் ஏறினால்தான் ஒருவர் இறங்கலாம் என்று
டிராமில் யாரோ சட்டம் போட்ட மாதிரி.

அங்கே வந்து நிற்கும்வரை மருந்து, மருந்தே இல்லை.
சாதுவாக, வெறுங்கையோடு வருகிறது.
புளிப்பு மேலே பட்டதும்தான்
முறுக்கிக்கொள்கிறது, கொக்கி முளைக்கிறது,
பம்பின் கந்தக முனையொன்றில் மாட்டிக்கொண்டு
பூட்டுக்குள்ளேயே முறிந்த சாவியாய்
நின்றுவிடுகிறது.

அமிலம்
தன் கையாலேயே தன் கதவைச் சாத்திக்கொள்கிறது.

அதனால்தான் இந்த அரை மணி.
தூங்குகிற பம்பை மருந்து சீண்டாது.
ரொட்டி வந்து எழுப்பவேண்டும்.
வேலைக்கு வந்தவனைத்தானே
வாசலில் மறிக்க முடியும்?

மத்தியானத்துக்குள் ரத்தத்தில் மருந்தின் சுவடே இருக்காது.
முறிந்த சாவிகள் மட்டும் இருக்கும்,
செல் புதுப் பம்புகள் செய்து முடிக்கும் வரை.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை.
இரண்டாம் நாள், சால்ட்ஹோல்மன் திருப்பத்தில்,
கடல் கண்ணில் படும் அந்த நொடியில்
நெஞ்சுக்குழிக்குள் யாரோ தீக்குச்சி கிழித்தார்கள்.
ஐந்தாம் நாள் இரவு
மூன்று தலையணையில் இரண்டைத் தரையில் தள்ளிவிட்டு
மல்லாந்து தூங்கினாள்.

வயிற்றில் பால் வார்த்தது என்று சொல்லத் தோன்றும்.
யாரும் பால் வார்க்கவில்லை.
நெருப்பின் மேல் தண்ணீரும் ஊற்றவில்லை.
விறகு வண்டிகளை வழியில் நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு வயிற்றெரிச்சலும் அவளுக்கு உண்டு.
பகல் ஷிப்ட் யோத்தேவுக்குப் போனது,
அவளைவிட ஒன்பது வருடம் இளையவனுக்கு.
அதை அவள் மாஹ்ரோக்கிடம் சொல்லவில்லை.
அதற்குப் பின்வாசல் எங்கே இருக்கிறதென்று
யாருக்குத் தெரியும்?

எட்டு வாரம் முடிந்தது. அட்டை காலி.
"தீர்ந்தது" என்று தானே தீர்ப்பெழுதி
ஊறுகாய் மீன் தின்றாள்.
நான்காம் நாள் பழைய எரிச்சல்
அண்ணன் தம்பியோடு திரும்பி வந்தது.

மாஹ்ரோக் திட்டவில்லை.
"பூட்டியிருந்த நாளெல்லாம் உன் வயிறு சும்மா இருந்ததா?
புளிப்பு போதவில்லை, போதவில்லை என்று கூவிக்கூவி
ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது.
இப்போது அத்தனை பேரும் ஒரே ஷிப்டில் வந்து நிற்கிறார்கள்.
மருத்துவரைக் கேள்.
மெல்ல மெல்ல இறக்கச் சொல்வார்."

அப்படியே சொன்னார்.
ஒருநாள் உண்டு, ஒருநாள் இல்லை.

ஏப்ரல் கடைசி. மூன்று ஐம்பது.
இருட்டின் ஓரம் சற்றே கரைந்திருக்கிறது.
இன்று இல்லாத நாள்.
காபி வடிந்து முடிந்துவிட்டது, கோப்பை கையில்தான் இருக்கிறது.
யிர்சா நின்றபடியே
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்,
நான்கு இருபது ஆகட்டும் என்று.